கூலிக் கப்பல்களும் மக்கள் விழிப்பும்

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை 1834-ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது, விடுதலை பெற்றோர் கரும்புத் தோட்டங்களில் தொடர்ந்து உழைக்க மனமின்றி விலகவே, தோட்ட முதலாளிகளின் பார்வை பஞ்சத்தில் வாடிய இந்தியக் கிராமங்களின்மீது விழுந்தது. மொரீஷியஸில் தொடங்கி மேற்கிந்தியத் தீவுகள், நேட்டால், பிஜி என்று பரவிய ஒப்பந்தக் கூலி முறை அவ்வாறு உதித்ததே. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரையில், நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

இவர்களை எவரும் சங்கிலியால் பிணைத்து இழுத்துச் செல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்று தரகு பெற்ற ஆள்பிடிப்போர், பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்தவர்களைச் சந்தையிலும் சத்திரத்திலும் கண்டு, கடல் தூரத்தை மறைத்துக் கூலியைப் பெருக்கிச் சொல்லி அழைத்துவந்தனர். மாஜிஸ்டிரேட் சம்மதமா என்று வினவும்போது சொல்ல வேண்டிய விடையையும் அவர்களே கற்பித்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு விழுந்தபின், நேட்டாலில் முதலாண்டு மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு நீங்கினால் சிறைவாசம். சட்டமும் அதிகாரிகளும் பதிவேடுகளும் இருந்தும், பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரஸ்ஸல் பிரபு 1840-லேயே புதிய அடிமை முறை உண்டாகுமென்று அஞ்சியும், இம்முறை எண்பதாண்டுக் காலம் நீடித்ததற்குக் காரணம் ஒன்றே: ஏறுமுன் அறிந்திருக்க வேண்டியவர்களுக்கு, ஏறிப்போனவர்களின் கதி தெரியாதிருந்தது.

அந்த மௌனத்தைக் கலைத்த முதல் சாட்சிகளுள் ஒருவர் பாலசுந்தரம் என்னும் தமிழர். எஜமானனால் அடியுண்டு, முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவராய் 1894-இல் டர்பனில் காந்தியடிகளிடம் அவர் வந்து நின்றார். அவர் வழக்கின் செய்தி தாயகத்துக்கும் எட்டியிருந்தமையால், 1896 அக்டோபரில் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் காந்தியடிகள் பேசியபோது மக்கள் பெருந்திரளாகக் கூடி ஆரவாரித்தனர். தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை விவரித்த பச்சை நிறத் துண்டுப் பிரசுரமும் அங்கே ஆர்வத்துடன் வாங்கப்பட்டது.

இங்ஙனம் வளர்ந்த பொதுஜன அபிப்பிராயமே இந்தியச் சட்டசபை உறுப்பினரான கோகலேயின் தீர்மானத்துக்குப் பலமாயிற்று. 1910-இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக மறு ஆண்டில் நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் நின்றது. ஆயினும் இம்முறையை முழுவதும் ஒழிக்கக் கோரிய 1912-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை அரசாங்கத் தரப்பின் வாக்குகள் வீழ்த்தின. சட்டசபையில் தோற்ற வாதத்தைப் பத்திரிகைகளும் மேடைகளும் மீண்டும் எடுத்துக்கொண்டன. ஆள்பிடிப்போரால் ஏமாற்றப்பட்டு பிஜியில் இருபத்தோராண்டு கழித்துத் திரும்பிய தோதாராம் சனாத்யர் தம் அனுபவத்தை நூலாக்கினார். மேற்பார்வையாளனின் பலாத்காரத்துக்குத் தப்ப ஆற்றில் குதித்த குந்தி என்னும் பெண்ணின் வாக்குமூலம் கல்கத்தாப் பத்திரிகையில் வெளிவந்தது. பிஜித் தோட்டப் பெண்களின் துயரைப் பாரதியார் பாடினார். காந்தியடிகளின் நண்பர்களான ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் பிஜியை நேரில் கண்டு அறிக்கை எழுதினர். 1916-இல் அதே சட்டசபையில் மாளவியர் கொண்டுவந்த தீர்மானத்தை அரசாங்கம் ஏற்றது; 1917 மார்ச்சில் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது; 1920 ஜனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின.

வெளிநாட்டு வேலையென்று ஆசைகாட்டிக் கடவுச்சீட்டைப் பறித்துக்கொள்ளும் இக்காலத் தரகரும் மனிதரின் வறுமையையும் அறியாமையையுமே மூலதனமாகக் கொண்டு வாழ்கின்றனர். எனவே இவ்வியாபாரத்தைத் தடுக்க முனைவோர், குற்றம் நிகழ்ந்தபின் தண்டிக்கும் சட்டத்தோடு அமைந்துவிடாமல், போய்த் திரும்பியவர்களின் வாய்மொழியைக் கைந்நாட்டு வைக்கும் நாளுக்கு முன்பே கிராமத்தின் செவியில் சேர்ப்பதைத் தம் தலையாய கடமையாகக் கொள்ள வேண்டும்.