கோழிக்கொட்டிலில் அமைந்த கண்ணாடி வீடு

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்னும் கடலோர ஊர் உள்ளது. 1864ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு வீட்டின் கண்ணாடி போட்ட கோழிக்கொட்டில் புகைப்பட ஸ்டுடியோ ஆனது. அதே வீட்டில் நிலக்கரி கொட்டிவைக்கும் அறை, படம் கழுவும் இருட்டறை ஆனது. இவ்விரண்டையும் அமைத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த முகப்படங்களில் பல இந்த ஒடுங்கிய ஏற்பாட்டிலிருந்து வெளிவந்தவை.

அக்காலத்தில் ஸ்டுடியோவுக்குக் ‘கண்ணாடி வீடு’ என்று பெயர். சூரிய வெளிச்சத்தைத் தவிர வேறு ஒளியைப் புகைப்படக்காரர் நம்ப முடியாத காலம் அது. லண்டனின் முதல் புகைப்பட ஸ்டுடியோவை 1841இல் ரிச்சர்டு பியர்டு, ராயல் பாலிடெக்னிக் நிறுவனக் கட்டடத்தின் மாடியில் திறந்தார். வெளிச்சம் தேடி உயரே போன அந்த வழக்கத்தைப் பின்வந்தவர்களும் கடைப்பிடித்தார்கள். மொட்டை மாடிகளில் கண்ணாடிக் கூரை வேய்ந்த நீண்ட அறைகள் எழுந்தன. அவை நீண்டிருந்ததற்கும் காரணம் உண்டு. வாடிக்கையாளர்கள் நின்ற கோலத்தில் தலை முதல் கால்வரை தெரியும் படத்தையே விரும்பிக் கேட்டார்கள். முழு உருவமும் பதிய வேண்டுமானால் கேமரா பல அடி பின்னால் நகர வேண்டும். பிரான்சில் டிஸ்டெரி என்னும் புகைப்படக்காரர் 1854இல் காப்புரிமை பெற்ற சிறிய அட்டைப்படங்கள் பரவியபின் இந்த வகைப் படமே தொழிலின் அச்சாணி ஆயிற்று. நீண்ட அறை, கண்ணாடிக் கூரை, வேலையாட்கள் என்று பெரிய முதல் தேவைப்பட்டதால் ஸ்டுடியோ வைப்பது வீட்டில் செய்யக்கூடிய காரியமாகத் தோன்றவில்லை.

கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். இலங்கையின் நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்றவர் அவரே. குடும்பம் 1848இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1860இல் ஃப்ரெஷ்வாட்டரில் அடுத்தடுத்து நின்ற இரண்டு வீடுகளை வாங்கி இணைத்தார்கள். இலங்கை மலைநாட்டில் இருந்த தங்கள் தோட்டத்தின் நினைவாக அதற்கு ‘டிம்போலா’ என்று பெயரிட்டார்கள். 1863 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பரிசாக மகளும் மருமகனும் ஒரு கேமராவைக் கொடுத்தபோது ஜூலியாவுக்கு வயது 48.

அன்று வழங்கிய முறை, ஃபிரெட்ரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தட்டைத் துடைத்து அதன்மேல் கொலோடியன் என்னும் பிசின் போன்ற திரவத்தை ஊற்றிச் சாய்த்தால், பால்மேல் ஆடை படிவதுபோல மெல்லிய படலம் படியும். தட்டை இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கினால் அது ஒளி உணரும் தன்மை பெறும். பிறகு ஒளி புகாத உறையில் வைத்துக் கேமராவுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்து, ஈரம் காயுமுன் மீண்டும் இருட்டறைக்கு வந்து உருத்துலக்க வேண்டும். காய்ந்துவிட்டால் தட்டு வீண். இதற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம். எனவே படம் எடுக்கும் இடமும் இருட்டறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். வீட்டு ஸ்டுடியோவின் அமைப்பை இந்த நிபந்தனைதான் தீர்மானித்தது. ஒரே வளாகத்துக்குள் கொட்டிலும் கரியறையும் இருந்தது கேமரனுக்குப் பெரிய வசதி.

கொலோடியன் தட்டு நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் உணரும், சிவப்பை அநேகமாக உணராது. விளக்கு வெளிச்சம் செம்மஞ்சள் கலந்தது. அது இருட்டறைக்கு ஏற்றதே தவிரப் படம் எடுக்கப் பயன்படாது. கோழிக்கொட்டிலில் ஏற்கெனவே கண்ணாடி இருந்ததால் புதிதாகக் கட்டடம் எழுப்பும் செலவு மிச்சமாயிற்று. கோழிகள் வெளியேற்றப்பட்டதால் மகன்களுக்குப் புது முட்டைகளால் கிடைத்துவந்த இலாபம் நின்றதாகக் கேமரனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

கொட்டிலுக்குள் வரும் வெளிச்சத்தை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. தொழில்முறை ஸ்டுடியோக்கள் முகத்தில் நிழலே விழாதபடி நாலாபுறமும் ஒளியைப் பரப்பின. கேமரன் திரைகளால் பெரும்பகுதியை மூடி, மேலிருந்தோ ஒரு பக்கத்திலிருந்தோ மட்டும் ஒளியை அனுமதித்தார். முகத்தின் ஒரு பாதி துலங்கவும் மறுபாதி இருளில் ஆழவும் செய்த இந்த முறைக்குப் பெரிய அறை வேண்டியதில்லை. சிறிய இடத்தில் ஒளியைக் கட்டுப்படுத்துவதே எளிது. ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒளி குறையக் குறையத் தட்டைத் திறந்துவைக்கும் நேரம் கூடியது. அமர்ந்திருப்பவர் பல நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது.

தூரத்தையும் அவர் வேறுவிதமாகக் கையாண்டார். முழு உருவத்தை விட்டுவிட்டுத் தலையையும் தோளையும் மட்டும் தட்டு நிறையப் பதித்தார். இதற்குக் கேமரா சில அடி தொலைவில் இருந்தால் போதும். முதலில் அவர் பயன்படுத்திய தட்டு ஏறத்தாழ 11 அங்குலம் நீளமும் 9 அங்குலம் அகலமும் உடையது. பின்னர் 15க்கு 12 அங்குலத் தட்டுக்கு மாறினார். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் அரிது. நெகட்டிவ் எவ்வளவோ பிரிண்டும் அவ்வளவே. பெரிய கேமராவைச் சிறிய கொட்டிலில் நெருக்கமாக நிறுத்தியதால், ஆளின் தலை கிட்டத்தட்ட இயற்கை அளவை நெருங்கும் படங்கள் பிறந்தன. அகலத் திறந்த லென்ஸில் கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். இந்த மங்கலைக் குறை என்று சொன்ன விமர்சகர்கள் பலர். கேமரன் அதை விரும்பியே வைத்துக்கொண்டார். இடத்தின் நெருக்கத்தைப் பார்வையின் நெருக்கமாக மாற்றியதே இந்த ஸ்டுடியோவின் தனிச்சிறப்பு.

1864 ஜனவரி 29 அன்று ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியை அவர் எடுத்த படம் திருப்தியாக அமைந்தது. அன்றே அதைக் கழுவி, பிரிண்டு போட்டு, சட்டமிட்டுச் சிறுமியின் தந்தையிடம் கொடுத்தார். தமது முதல் வெற்றி என்று அதைக் குறித்துவைத்தார். பிரிண்டு போட முட்டை வெண்கரு பூசிய தாளை நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைக்க வேண்டும். அலசத் தண்ணீர் ஏராளமாகத் தேவை. அதைக் கிணற்றிலிருந்து சுமக்க வேண்டியிருந்தது. வெள்ளி நைட்ரேட் பட்ட இடமெல்லாம் கறுத்தது. ஈரப் படங்களைக் காட்டும் ஆவலில் சாப்பாட்டு அறைக்கே எடுத்துவந்ததால் மேசைத் துணிகள் போகாத கறை ஏறிப் பாழாயின. பல நெகட்டிவ்களில் தூசியும் கீறலும் விரல்தடமும் காணப்படுகின்றன.

ஆட்களைத் தேடியும் அவர் பெரும்பாலும் வெளியே போகவில்லை. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அன்னை மரியாளாகத் திரும்பத் திரும்ப வேடமேற்றார். உறவினர்களும் ஊர்ப் பிள்ளைகளும் தேவதைகள் ஆனார்கள். பக்கத்தில் வசித்த கவிஞர் டென்னிசனும், 1868 கோடையில் கேமரன் குடும்பத்தின் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிய சார்லஸ் டார்வினும் படத்துக்கு அமர்ந்தார்கள். வானியலறிஞர் ஜான் ஹெர்ஷலையோ 1867இல் அவருடைய வீட்டுக்கே போய் எடுத்தார். லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இலேயே அவருடைய படங்களை வாங்கியது. 1868இல் முகப்படம் எடுக்கத் தன் வளாகத்தில் இரண்டு அறைகளையும் ஒதுக்கித் தந்தது. இன்றைய விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதுவே.

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் குடியேறினார்கள். களுத்துறையில் ஜூலியா ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1877இல் விருந்தினராக வந்த தாவர ஓவியர் மேரியன் நார்த்தையும் எடுத்தார். ஆனால் இக்காலத்துப் படங்களாக எஞ்சியவை மிகச் சில. ஈரக் கொலோடியன் முறை அங்கே கடினமானது: கொலோடியனில் கலந்த ஈதர் வெப்பநாட்டில் சட்டென ஆவியாகும், தட்டும் விரைவில் காயும். 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயா பள்ளத்தாக்கில் அவர் காலமானார். பொகவந்தலாவை தேவாலயத்தில் கணவரும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

அவர் மறைந்த காலத்திலேயே கடையில் வாங்கிப் பயன்படுத்தும் உலர் தட்டுகள் பரவத் தொடங்கின. தட்டைத் தயாரிக்கும் வேலை ஆலைக்குப் போனது. எடுத்தவுடன் உருத்துலக்க வேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது. கொட்டிலையும் கரியறையையும் பிணைத்த நிபந்தனை அத்தோடு முடிந்தது. கேமரன் 1874இல் எழுதி முடிக்காமல் விட்ட நினைவுக் குறிப்புகள் அவர் காலத்துக்குப் பின் அச்சேறின. இந்த வீட்டு ஸ்டுடியோவின் வரலாற்றுக்கு முதன்மையான சான்று அவையே. இடிபடும் நிலையிலிருந்து காப்பாற்றப்பட்ட டிம்போலா வீடு இன்று புகைப்பட அருங்காட்சியகமாக இயங்குகிறது.