மலைநாட்டுக்கு வந்த உபதேசியார்கள்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் தேயிலை மலைகள் எழுந்து நிற்கின்றன. அம்மலைகளின் வரலாற்றைத் துரைமாரின் குறிப்புகளிலிருந்தும் தொழிற்சங்கப் போராட்டங்களிலிருந்தும் நாம் அறிந்திருக்கிறோம். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்ற ஒரு மனிதரைப் பற்றி அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. வேதப் புத்தகமும் கையுமாகத் தோட்டம் தோட்டமாக நடந்த திருநெல்வேலி உபதேசியாரே அவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களை நோக்கித் தமிழகத்து ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளைக்கு நடந்தனர். பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் வழியெங்கும் அவர்களைப் பலிகொண்டன. 1841 முதல் 1849 வரை எழுபதாயிரம் பேர் மாண்டதாகக் கொழும்புப் பத்திரிகை ஒன்று அந்நாளிலேயே கணக்கிட்டது. அக்கணக்கு மிகையென்பாரும் உளர். ஆயினும் சாவு பெருவாரியாக நிகழ்ந்ததை மறுப்பார் இல்லை. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்கும் சட்டத்தை அரசு இயற்றியதோ 1872-இல்தான்.

இச்சூழலில்தான், 1854-இல், இங்கிலாந்துத் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கம் மலைநாட்டில் ஒரு மிஷனைத் தொடங்கியது. 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது அதன் பெயர். தொழிலாளரை அந்நாளைய உலகம் எக்கண்கொண்டு நோக்கியது என்பதற்கு அப்பெயரே சான்று. திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ் பாதிரியார் அதன் பொறுப்பை ஏற்றார். அவர் தனியே பணியாற்றவில்லை. திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் உபதேசியார்களாகக் கடல் கடந்து வந்தனர். மேற்பார்வை வெள்ளையரிடம் இருந்தது; நடை இவர்களுடையதாயிற்று.

அந்த நடை எத்தகையது? விடியுமுன் பிரட்டுக்களத்தில் தொழிலாளர் வரிசையாக நிற்பர். பெயர்கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்நேரமே உபதேசியாருக்குக் கிடைத்த நேரம். சில வார்த்தை பேசுவார், கூட்டம் மலையேறிவிடும். பின்பு அடுத்த தோட்டத்துக்கு நடப்பார். மழையும் பனியும் அட்டையும் நிறைந்த வழி அது. மாலையில் லயங்களுக்குச் சென்று நோயாளிகளைக் காண்பார். பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். ஞாயிறன்று வழிபாடு நடத்துவார். காப்பி நோயால் அழிந்து, தேயிலை திம்புலைப் பகுதியெங்கும் பரவியபோது, இவ்வூழியமும் உயர்ந்த மலைகளை நோக்கி நகர்ந்தது.

ஆனால் ஓர் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. தோட்டம் துரையின் உடைமை. அவர் அனுமதியின்றி உபதேசியார் உள்ளே கால்வைக்க இயலாது. மிஷனின் செலவில் ஒரு பங்கு தோட்டக்காரரின் சந்தாவிலிருந்தே வந்தது. இந்நிலையில் கங்காணியின் கடன்பற்றையோ, துண்டுச் சீட்டின்றித் தொழிலாளி வேறு தோட்டம் சேர முடியாத கொடுமையையோ அவர் எங்ஙனம் கண்டிக்க இயலும்? நோய்க்கு மருந்து சொல்லலாம். நோயை விளைத்த வாழ்வைப் பற்றிப் பேசலாகாது. அடிமை விலங்கான அந்தத் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது, உபதேசத்தால் அன்று.

அப்படியானால் அந்நடை வீணோ? அன்று. தோட்டத் தமிழருள் கிறிஸ்தவராயினோர் சிறுபான்மையினரே. எழுத்தோ மதத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. தோட்டப் பிள்ளைகளின் கல்வியை நிர்வாகத்தின் கடமையாக்கிய 1907, 1920-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கு நெடுங்காலம் முன்னரே மிஷன் பள்ளிகள் மலைநாட்டில் இயங்கின. கோ. நடேசய்யர் 1924-இல் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கியபோதும், 1931-இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோதும், அவர் அச்சிட்ட சொல் லயங்களைச் சென்றடைய எழுத்தறிந்தோர் சிலரேனும் வேண்டியிருந்தது. வேதம் படிப்பதற்கென்று கற்பித்த எழுத்து உரிமையையும் படிக்க உதவும். கற்பித்தவரும் அனுமதித்தவரும் கருதாத பயன் இது.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 1973, 1974-இல் உணவுப் பஞ்சம் லயங்களில் புகுந்து உயிர்களைக் குடித்தது. அக்காலத்தில் வேறொரு வகைத் துறவியை மலைநாடு கண்டது. இலங்கையரான இயேசு சபைப் பாதிரியார் பால் கஸ்பர்ஸ் 1972-இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தை நிறுவினார். தொழிலாளரின் பசியை அவர்தம் குடியுரிமையிலிருந்தும் கூலியிலிருந்தும் பிரித்துக் காண அவர் மறுத்தார்; சிங்களரும் தமிழரும் ஒன்றுகூட உழைத்தார். துரையின் அனுமதி அவருக்குத் தேவைப்படவில்லை.

இவ்விரு காலங்களையும் ஒருசேர வைத்து நோக்குங்கால் ஒன்று தெளிவாகிறது. உடைமையாளனின் இசைவில் நிற்கும் தொண்டு, காயத்தைக் கட்டும். காயப்படுத்தும் கையைத் தடுக்காது. ஆயினும் அத்தொண்டினுள்ளும் கல்வி என்னும் வித்து ஒன்று உண்டாயின், அது விதைத்தவனின் எல்லையைக் கடந்து முளைக்கும். மலைப்பாதைகளில் நடந்து மறைந்த அந்த உபதேசியார்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் மக்கள் நினைவில் இல்லை. லயத்துப் பிள்ளைக்கு இன்று அகரம் கற்பிக்கும் ஆசிரியர் தாம் அவர்களுடைய வாரிசு. ஆனால் அவர்களுக்கு இல்லாத சுதந்திரம் இவருக்கு உண்டு. பிள்ளையின் பசிக்குக் காரணம் என்ன என்பதையும் இவர் சொல்லிக் கொடுக்கலாம்.