குளிர்சாதனப் பெட்டித் தாய் (ஆட்டிசம் வரலாறு)

'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்பது ஆட்டிசம் உடைய குழந்தைகளின் தாய்மார்களைக் குறிக்க 1940-களின் இறுதியில் இருந்து சுமார் முப்பது ஆண்டுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வழங்கிவந்த பழிச்சொல் ஆகும். தாயிடம் அன்பின் சூடு இல்லாமையால்தான் குழந்தை பேச்சையும் உறவையும் துறந்து தனக்குள் ஒடுங்கிவிடுகிறது என்பதே இச்சொல்லுக்குப் பின்னிருந்த கருத்து. இக்கருத்தை அறிவியல் இன்று தள்ளிவிட்டது. அதைத் தள்ளவைக்கும் வேலையைத் தொடங்கியவர்கள் பழி சுமந்த பெற்றோர்களே.

ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்றும் தற்புனைவு ஆழ்வு என்றும் எழுதுகின்றனர். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆட்டிசம் என்ற சொல்லே புழங்குவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

33 பக்கக் கடிதம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1933-இல் பிறந்த டொனால்ட் டிரிப்லெட் மிகச் சிறு வயதிலேயே கேட்ட பாடல்களைப் பிழையின்றிப் பாடினான். கையில் கிடைத்த வட்டமான பொருள்களை எல்லாம் தரையில் சுழற்றி ரசித்தான். ஆனால் பெற்றோர் அருகில் வந்தாலும் விலகிச் சென்றாலும் அவன் பொருட்படுத்தவில்லை. மருத்துவர்களின் யோசனைப்படி 1937-இல் அவனை ஒரு காப்பகத்தில் சேர்த்தனர். அங்கே விட்டுவைக்க மனம் ஒப்பாமல் ஏறத்தாழ ஓராண்டில் வீட்டுக்கே அழைத்து வந்தனர்.

டொனால்டின் தந்தை ஒரு வழக்கறிஞர். மகனைப் பற்றித் தாமும் மனைவியும் கவனித்தவற்றை எல்லாம் 33 பக்கங்களில் தட்டச்சு செய்து, பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கானருக்கு அனுப்பினார். கானர் 1943-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக முதன்முதலில் விரிவாக விவரித்தது எனலாம். அதில் இடம்பெற்ற 11 குழந்தைகளில் முதல் குழந்தை டொனால்ட். அவனைப் பற்றிய பகுதியின் பெரும்பங்கு அந்தக் கடிதத்தில் இருந்து எடுக்கப்பட்டதாகும்.

இக்குழந்தைகள் பிறக்கும்போதே பிறரோடு உணர்வுத் தொடர்பு கொள்ளும் திறன் குறைந்தவர்களாகப் பிறக்கிறார்கள் என்றே கானர் அக்கட்டுரையை முடித்தார். ஆயினும் அதே கட்டுரையில், இப்பெற்றோர்களுள் உண்மையான கனிவு உடையவர்கள் மிகச் சிலரே என்றும் குறித்திருந்தார். பெற்றோர் எழுதிவைத்த நாட்குறிப்புகளும் நீண்ட அறிக்கைகளும் அவர்களுடைய மிகைப்பட்ட நுணுக்க வெறிக்குச் சான்று என்பது அவர் கருத்து. அந்தக் கடிதம் வராதிருந்தால் கட்டுரையின் முதல் பகுதியே இருந்திராது. அப்படி இருந்தும், அதை எழுதியதே எழுதியவருக்கு எதிரான சான்றாகிவிட்டது.

1949-இல் கானர் ஒரு படி மேலே சென்றார். இக்குழந்தைகள் பனி உருகாத குளிர்சாதனப் பெட்டியில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டவர்கள் போல வளர்ந்தனர் என்று எழுதினார். இதழ்கள் அந்த உவமையைப் பிடித்துக்கொண்டன. தாய் என்ற சொல் அதனோடு ஒட்டிக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை.

பெற்றோர் படித்தவர்களாகவும் வசதி உள்ளவர்களாகவும் இருந்ததையும் கானர் ஒரு தடயமாக எண்ணினார். அக்காலத்தில் தொலைதூர ஊர்களில் இருந்து பால்டிமோர் வரை வந்து ஒரு சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் கூடியவர் யார் என்ற கேள்வியைக் கேட்டிருந்தால் விடை எளிதாகக் கிடைத்திருக்கும். இந்தத் தவறு வேறு விதத்திலும் கெடுதல் செய்தது. 2002-இல் வெளிவந்த 'ரெஃப்ரிஜிரேட்டர் மதர்ஸ்' என்ற ஆவணப்படத்தில் கறுப்பினத் தாய் ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்கிறார். அவருடைய மகனுக்கு ஆட்டிசம் இருக்க முடியாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். அந்தத் தாய் படித்த வெள்ளையரின வகுப்பைச் சேர்ந்தவர் அல்லர் என்பதே காரணம். பழிக்குக் கூடத் தகுதி கேட்ட காலம் அது.

பெத்தல்ஹைம்

இக்கொள்கையை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் புரூனோ பெத்தல்ஹைம். வியன்னாவில் பிறந்த யூதரான இவர், டகாவ், பூகென்வால்ட் ஆகிய நாசி வதைமுகாம்களில் அடைபட்டிருந்து, 1939-இல் விடுதலையாகி அமெரிக்கா வந்தார். 1944 முதல் 1973 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்த்தோஜெனிக் பள்ளியை நடத்தினார். முகாமில் நம்பிக்கை இழந்து உணர்வு மரத்துப்போன கைதிகளைக் கண்ணால் கண்டவர் அவர். ஆட்டிசம் உடைய குழந்தைகளிடமும் அதே தோற்றத்தைக் கண்டதாக எண்ணினார். கைதிக்கு முகாம் எப்படியோ, குழந்தைக்கு வீடு அப்படி என்ற இடத்துக்கு அவருடைய வாதம் சென்று சேர்ந்தது. அப்படியானால் முகாம் காவலரின் இடத்தில் நிற்பவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1967-இல் வெளியான அவருடைய 'த எம்ப்டி ஃபோர்ட்ரஸ்' (வெறுங்கோட்டை என்று பொருள்படும்) பரவலாக வாசிக்கப்பட்டது. குழந்தையைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து வைப்பதே மருந்து என்பது அதன் அடிப்படை. பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் அவனை விரும்பியபோது சென்று பார்க்கவும் முடியாது. பெத்தல்ஹைம் 1990-இல் இறந்த பிறகு அவருடைய பழைய மாணவர் சிலர், அவர் தங்களை அடித்தார், இழிவுபடுத்தினார் என்று வெளிப்படையாக எழுதினர். அவர் வியன்னாவில் பெற்ற முனைவர் பட்டம் மருத்துவத்திலோ உளவியலிலோ அன்று, மெய்யியலில் பெற்றது என்பதும் பின்னர் பேசப்பட்டது.

கடற்படை உளவியலாளர்

பெர்னார்ட் ரிம்லண்ட் சான் டியேகோ நகரில் அமெரிக்கக் கடற்படையின் உளவியலாளராகப் பணியாற்றியவர். தேர்வுகள், புள்ளிவிவரம் ஆகியவை அவருடைய துறை. குழந்தைகளின் மனநலத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்ததில்லை. 1956-இல் பிறந்த அவருடைய மகன் மார்க் ஓயாமல் அழுதான்; அணைத்தால் விறைத்துக்கொண்டான். இதைப் போன்ற குழந்தையைப் பற்றிக் கல்லூரிப் பாடநூல் ஒன்றில் படித்தது ரிம்லண்டின் மனைவிக்கு நினைவு வந்தது. வீட்டின் பழைய பெட்டிகளைக் கிளறி அந்நூலைத் தேடி எடுத்தனர். ஆட்டிசம் என்ற சொல்லை ரிம்லண்ட் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

பிறகு கிடைத்த ஆய்வுகளை எல்லாம் தேடிப் படித்தார். தாய் காரணம் என்ற கூற்றுக்கு ஆதாரம் எங்கே என்று பார்த்தால் எங்கும் இல்லை. ஒரே தாயிடம் வளர்ந்த உடன்பிறந்தோர் பெரும்பாலும் இயல்பாக இருந்தனர். ஆண் குழந்தைகள் பல மடங்கு அதிகம் பாதிக்கப்பட்டனர். தாயின் அன்பு ஆணுக்கு மட்டும் குறைந்தது என்று சொல்ல வழியில்லை. குழந்தை பிறந்த நாள் முதலே அறிகுறிகள் தெரிவதும் உண்டு. ஒரு கருவில் தோன்றிய இரட்டையருள் இருவருக்குமே ஆட்டிசம் இருந்ததாகப் பதிவுகள் கிடைத்தன. இவற்றை எல்லாம் அடுக்கி 1964-இல் 'இன்ஃபன்டைல் ஆட்டிசம்' என்ற நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் லியோ கானரே!

நூலின் இறுதியில் பெற்றோருக்கான வினாத்தாள் ஒன்று இருந்தது. அதை நிரப்பிப் பல ஊர்களில் இருந்து தாய்மார்கள் ரிம்லண்டுக்கு அனுப்பினர். தனித்தனி வீடுகளில் வெட்கி ஒதுங்கியிருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தது இவ்வாறுதான். 1965-இல் ரிம்லண்டும், ஏழு பிள்ளைகளுக்குத் தாயும் செவிலியருமான ரூத் சல்லிவனும், மற்றும் பல பெற்றோரும் சேர்ந்து ஆட்டிசக் குழந்தைகளுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1962-இல், இலண்டன் பெற்றோர்களும் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தனர்.

கிளாரா பார்க்கின் முற்றுகை

'வெறுங்கோட்டை' வெளிவந்த அதே 1967-இல் இன்னொரு நூலும் வெளிவந்தது. அதன் பெயர் 'த சீஜ்', அதாவது முற்றுகை. எழுதியவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ்டவுன் ஊரில் வாழ்ந்த ஆங்கில ஆசிரியை கிளாரா கிளேபோர்ன் பார்க். இருவரும் கோட்டை உவமையையே எடுத்தாண்டது தற்செயல்தான். பெத்தல்ஹைமின் கோட்டையைக் கட்டவைத்தவள் தாய். கிளாராவின் நூலில் கோட்டைக்கு வெளியே கூடாரம் அடித்து, உள்ளே இருக்கும் குழந்தையை வெளியே கொண்டுவர ஆண்டுக்கணக்கில் முற்றுகை இடுபவள் தாய்.

கிளாராவுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர் மூவரும் இயல்பாக வளர்ந்தனர். 1958-இல் பிறந்த கடைசி மகள் ஜெசிகாவுக்கு ஆட்டிசம். நூலில் அவளுக்கு எல்லி என்று பெயர். நான்காவது கருவைத் தாம் முழு மனத்தோடு வரவேற்கவில்லை என்பதையும் கிளாரா மறைக்கவில்லை. தாயைக் குற்றவாளியாக்கக் காத்திருந்த காலத்தில் ஒரு தாய் இதை அச்சில் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். தம் மீது சொல்லப்படக் கூடியதைத் தாமே முதலில் எடுத்து வைத்து ஆராய்ந்தார். அது விளக்கமாகாது என்று கண்டபின் விலக்கினார்.

நூலின் பெரும்பகுதி அன்றாட வேலைகளைப் பற்றியது. எல்லி தன் கையால் எதையும் செய்யாள். தாயின் கையைப் பற்றி இழுத்து அதைக் கொண்டே செய்விப்பாள். ஆகவே தாய் மகளின் கைமேல் தம் கையை வைத்து வேலையைத் தொடங்கி, நாளுக்கு நாள் தம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். சிறு குழந்தைக்கு எழுத்துப் பழக்குபவர்களுக்கு இம்முறை புதிதன்று. ஆனால் அக்கால நிபுணர்கள் குழந்தையின் ஆழ்மனத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் அடுத்த படி எது என்று தேடினார் என்பதே வேறுபாடு. எத்தனை நாள் ஆயிற்று, எது பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே குறித்தார்.

மகளை அழைத்துச் சென்ற அமெரிக்க மருத்துவ நிலையம் ஒன்றில், பெற்றோரிடம் கேள்விகளைக் கேட்டார்களே தவிர, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பெற்றோரிடம் குளிர்ச்சி இருந்தால் அதை அவர்களிடம் உண்டாக்குவது இத்தகைய குளிர்ந்த நிபுணர்களே என்ற கருத்தை அவர் அந்நூலில் எழுதினார். இலண்டனில் ஆன்னா ஃபிராய்டின் ஹாம்ஸ்டெட் மருத்துவ நிலையத்தில் தமக்கு மதிப்பும் உதவியும் கிடைத்ததையும் நன்றியோடு பதிவு செய்தார். தாயைப் பழிக்கும் கொள்கை வளர்ந்த உளப்பகுப்பாய்வு மரபின் நடுவீடு போன்ற இடம் அது. கொள்கையையும் மனிதரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கிளாரா.

விடுவிப்பு

1969-இல் தேசியச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்த கானர், தாம் தவறாக மேற்கோள் காட்டப்பட்டதாகக் கூறி, பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். உவமை அவருடையதே என்பதை நினைத்தால் அந்த விளக்கம் முழுமையானதன்று. ஆனாலும் பலருக்கு அச்சொல் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆய்வுச் சான்றும் வந்தது. சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 1977-இல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருமுட்டையில் தோன்றிய 11 இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இரு கருமுட்டைகளில் தோன்றிய 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. மரபணுவின் பங்கு இதனால் வெளிப்பட்டது. இதற்கிடையில், ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்கும் பொதுப்பள்ளிக் கல்வியை உறுதி செய்யும் சட்டம் அமெரிக்காவில் 1975-இல் நிறைவேறியது. அதற்கு உழைத்த பெற்றோர்களுள் ரூத் சல்லிவனும் ஒருவர்.

பழைய கொள்கை எல்லா நாட்டிலும் ஒரே வேகத்தில் மறையவில்லை. பிரான்சில் உளப்பகுப்பாய்வாளர்களின் செல்வாக்கு நீடித்தது. 2011-இல் சோஃபி ரோபேர் எடுத்த 'லெ மூர்' (சுவர்) என்ற ஆவணப்படத்தில் தாயைக் காரணம் காட்டும் பேச்சுகள் அப்படியே பதிவாகியுள்ளன. பேட்டி கொடுத்தவர்களுள் மூவர் வழக்குத் தொடுத்து 2012-இல் வென்றனர். 2014-இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது.

அடுத்த சண்டைகள்

பெற்றோர் சொன்னது ஒருமுறை சரியானதால் எப்போதும் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, 12 குழந்தைகளை மட்டும் கொண்ட ஒரு கட்டுரையால், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசி மீது ஐயத்தைக் கிளப்பினார். 2002-இல் டென்மார்க்கில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு தொடர்பு இல்லை என்று காட்டியது. 'லான்செட்' இதழ் 2010-இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் மருத்துவர் பதிவும் நீக்கப்பட்டது. தடுப்பூசிக் கருத்தை ஆதரித்தவர்களுள் ரிம்லண்டும் இருந்தார் என்பது வருந்தத்தக்கது. ஆதாரம் எங்கே என்று கேட்டு ஒரு பொய்யைச் சாய்த்தவர், 2006-இல் இறக்கும் வரை மற்றொன்றின் பக்கம் நின்றார்.

வேறொரு திசையிலிருந்தும் கேள்வி வந்தது. 1993-இல் டொராண்டோ மாநாட்டில் ஆட்டிசம் உடையவரான ஜிம் சின்கிளேர் பெற்றோர்களை நோக்கிப் பேசினார். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை கிடைக்கவில்லை என்று வருந்துங்கள், ஆனால் எங்கள் இருப்பையே துக்கமாக்காதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அதுவரை குழந்தைகளுக்காகப் பெற்றோர் பேசினர். அக்குழந்தைகள் வளர்ந்து தாமே பேசத் தொடங்கியிருந்தனர்.

இந்தியாவிலும் தொடக்கம் ஒரு தாயிடமிருந்தே வந்தது. ஆட்டிசம் உடைய மகனின் தாயான மெரி பருவா புதுதில்லியில் 1991-இல் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பை நிறுவினார். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டது.

டொனால்ட் டிரிப்லெட் சொந்த ஊரிலேயே வங்கி வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியே பயணம் செய்தார். 2023-இல் தமது 89-ஆம் வயதில் காலமானார். கிளாரா பார்க் 2001-இல் 'எக்ஸிட்டிங் நிர்வாணா' என்ற இரண்டாம் நூலை எழுதினார். அதற்குள் ஜெசிகா நாற்பது வயதைக் கடந்து, வில்லியம்ஸ் கல்லூரியின் அஞ்சல் பிரிவில் பணியாற்றி வந்தார். கட்டடங்களையும் விண்மீன் நிறைந்த வானத்தையும் பளிச்சென்ற வண்ணங்களில் தீட்டும் ஓவியராகவும் பெயர் பெற்றிருந்தார். கிளாரா 2010-இல் மறைந்தார்.