வைப்பாறும் கொடுவா மீனும்: வலசைப் பாதை குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. எனினும் அதன் ஆற்றுநீர் கடலையே சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் வைப்பாறு, பட்டாசுத் தொழில் வட்டாரமான வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாக ஓடுகிறது. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இத்தகைய பருவகால ஆறுகளில் கொடுவா மீன்பிடிப்புக்கு அடிப்படையான நிலைமை எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொடுவாவின் இயல்பு

1790இல் புளோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அறிவியல் முறையில் விவரித்த இம்மீன், உவர்நீர் மிகுந்த முகத்துவாரப் பகுதியில் முட்டையிடும். குஞ்சுகள் கழிகளுக்கும் நன்னீருக்கும் ஏறி வளரும்; முதிர்ந்தவை முட்டையிட மீண்டும் இறங்கும். பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறுவன. எனவே பெரிய மீன்களையே தொடர்ந்து பிடிப்பின் குறைவன பெண்மீன்களே.

கொடுவா பதுங்கியிருந்து பாயும் மீன். கண்டல் வேர், பாறை, பாலத்தூண் ஆகியவற்றின் மறைவில் அது நிற்கும். நீர் வற்றும்போது ஓடைவாய்களில் இறங்கிவரும் இறாலையும் சிறுமீனையும் எதிர்பார்த்திருக்கும். உயிருள்ள இறாலோ மடவையோ தூண்டிலில் இரையாவது இதனாலேயே. பருவக்கணக்கு இடத்திற்கு இடம் வேறுபடும். வட ஆஸ்திரேலிய ஆறுகளின் மழைக்காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீள்கிறது. வைப்பாற்றிலோ வெள்ளம் பெரிதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. ஆற்றையும் கடலையும் இணைக்கும் காலம் குறுகியது. அதனால் தடையின் விளைவு மிகுதி.

அணைகளும் வலசையும்

இச்சிக்கல் புதிதன்று. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுந்தன. பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட நன்னீர் மீன்வள அறிக்கையில், உல்லம் முதலிய வலசை மீன்களை அணைகள் தடுப்பதை எடுத்துரைத்தார். 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடிபொருளாலும் நஞ்சாலும் மீன்களை அழிப்பதைக் குற்றமாக்கியது. ஆயின் பாசன அணைகளில் மீன்வழி அமைப்பதைக் கட்டாயமாக்கவில்லை. வெடியைத் தடுத்த சட்டம் சுவரைத் தடுக்கவில்லை.

பிளவக்கல், வெம்பக்கோட்டை, இருக்கன்குடி அணைகள் மழைமறைவு நிலத்தின் பாசனத்திற்கு இன்றியமையாதன. அவற்றின் மறுபக்கம், கடலிலிருந்து ஏறும் மீனுக்கு உள்நாட்டு நீர் எட்டாமற்போவதாகும். மாவட்டத்தின் மீன்பிடிப்பு கண்மாய்க் கெண்டை, விரால், கெளுத்தி ஆகியவற்றோடும் மீன்பாசி குத்தகையோடும் நின்றுவிடுகிறது.

முடிவுரை

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்தது. குஞ்சுகள் இன்று பொரிப்பகத்தில் கிடைக்கின்றன. பண்ணையின் தேவையை இது நிறைவு செய்யும்; ஆற்றின் வலசைப் பாதையை மீட்காது. இடம், பொழுது, இரை ஆகிய மூன்றையும் அறிந்தவர்க்கும் நான்காவதாக ஒன்று தேவை: கடலோடு தொடர்புள்ள ஆறு. பாசன வரலாறும் மீன்பிடி வரலாறும் தனித்தனியே எழுதப்படும்வரை இவ்விழப்பு கணக்கில் வாராது.