பொன்னமராவதிக்கு இரு சாட்சிகள்

புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதியில் ஊர்ப்பெயருக்குக் காரணம் கேட்டால், பொன்னன், அமரன் என்னும் இருவரின் கதை கிடைக்கும். அவ்வூரின் மூன்றடுக்கு மாளிகையை இலங்கைப் படை கொளுத்திய செய்தியோ, தஞ்சையை இழந்த சோழன் தன் முடியைத் திரும்பப் பெற்ற இடம் அது என்பதோ அத்தனை எளிதில் கிடைப்பதில்லை. இரண்டையும் ஆய்வாளர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள், ஆங்கிலத்தில்.

சமஸ்தான அரசு ஒன்றும் வாளாவிருக்கவில்லை. 1910இல் அருங்காட்சியகம் கண்டது. 1929இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை அரசமரபு வாரியாக அச்சிட்டது. அவற்றுக்குப் பொருள் விளங்கச் செய்தவர் கே. ஆர். சீனிவாச ஐயர். 1940களில் வெளிவந்த அவருடைய பெயர்ப்பும் ஆங்கிலமே. தமிழ்க் கல்வெட்டின் பொருளறிய ஆங்கிலம் கற்றிருக்க வேண்டும் என்பது நமக்கே உரிய விநோதம்!

ஆனால் மொழி மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுமா? மாளிகை எரிந்த கதையையே பார்ப்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதுரை அரியணைக்காகக் குலசேகர பாண்டியனோடு மோதிய பராக்கிரம பாண்டியன், இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவின் உதவியை நாடினான். படை வந்திறங்குமுன் அவன் கொல்லப்பட, அவன் மகனுக்காகப் போர் தொடர்ந்தது. தளபதி இலங்காபுரனின் வெற்றிகளை வரிசையாக அடுக்கும் பாலி நூலான சூளவம்சம், பொன்னமராவதி மாளிகைக்குத் தீயிட்டதையும் சொல்கிறது. அவன் தோற்றதாக அதில் ஒரு சொல் இல்லை.

சோழர் தரப்பில் இரண்டாம் இராசாதிராசன் காலத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, இலங்காபுரன் உள்ளிட்ட தண்டநாயகர்களின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டன என்கிறது. மேடைப் பேச்சாளர்களுக்கு இது போதும்; கைத்தட்டல் நிச்சயம். காஞ்சிக்கு அருகிலுள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டை அவர்கள் தொடுவதில்லை. இலங்கைப் படைக்கு அஞ்சிய எதிரிலிசோழச் சம்புவராயன், அதன் அழிவு வேண்டி உமாபதிதேவரைச் சரணடைந்ததையும், அவர் இருபத்தெட்டு நாள் வழிபாடு நடத்தியதையும் அது கூறுகிறது. போர் நடந்ததோ பாண்டி நாட்டில். கலக்கம் தொண்டை மண்டலம் வரை! இறுதியில் வென்ற தரப்பே கல்லில் வெட்டி வைத்த இவ்வச்சம், சூளவம்சத்தின் தொடக்க வெற்றிகள் வெறும் புனைவல்ல என்று காட்டுகிறது. ஆய்வாளரின் முடிவை மட்டும் சொல்லி, அம்முடிவுக்கு அவர் வந்த இந்த வழியை விட்டுவிட்டால், வாசகருக்குக் கிடைப்பது பொன்னன், அமரன் கதையைப் போல் இன்னொரு கதைதான். வழி கடினமானதுமல்ல. மூன்று சான்றுகளையும் அருகருகே வைத்தால் பள்ளி மாணவனும் எடைபோட்டுவிடுவான்.

சோழன் முடி பெற்ற செய்தியும் இத்தகையதே. 1216இல் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்துவிட்டு, பின்னர் பொன்னமராவதியில் தங்கியிருந்தபோது மூன்றாம் இராசராசனுக்கு நாட்டைத் திருப்பித் தந்ததாக மெய்க்கீர்த்தி பேசுகிறது. சோணாடு வழங்கியருளிய என்ற அடைமொழி அதனால் வந்தது. முழுக்க முழுக்கப் பாண்டியனின் பெருந்தன்மை என்றே நம்பத் தோன்றும். அதே காலத்தில் சோழ அரசை நிலைநிறுத்தியவன் என்று போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனும் பட்டம் சூடிக்கொண்டான் என்று அறியும் வரை.