பெருக்கியும் நெடுந்தொலைவுத் தொலைபேசியும்

பெருக்கி அல்லது ஆம்ப்ளிஃபயர் என்பது வலுக்குறைந்த மின்சைகையை, அதன் வடிவம் மாறாமல், வலுவாக்கித் தரும் மின்னணுக் கருவியாகும். கூடுதல் ஆற்றல் சைகையிலிருந்து வருவதில்லை. மின்கலமோ மின்வழங்கியோ அதனைத் தருகிறது. தண்ணீர்க் குழாயின் திருகைப் போல, சிறிய சைகை அவ்வாற்றலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. இன்று பெருக்கி என்றதும் திருவிழா மைக் செட் நினைவுக்கு வரும். ஆனால் அதன் தொடக்ககால வளர்ச்சிக்குப் பெரிதும் காரணமானது தொலைபேசியே.

கம்பியில் செல்லும் பேச்சு தொலைவு கூடக் கூட நலிவடையும். தடித்த செப்புக் கம்பிகளையும் இடையிடையே கம்பிச்சுருள்களையும் பயன்படுத்தி, 1911-இல் நியூயார்க்கிலிருந்து டென்வர் வரை பேச முடிந்தது. அதற்கு மேல் செல்ல வழியில்லை.

லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் உருவாக்கிய ஆடியான் என்னும் குழலில், சூடான இழைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கம்பிவலை இருந்தது. இதுவே பின்னர் டிரையோடு எனப்பட்டது. 1912 அக்டோபரில் அவர் இதனை ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தினரிடம் காட்டினார். வலுவான சைகை கொடுத்தால் குழலுக்குள் நீல ஒளி தோன்றிப் பேச்சு குலைந்தது. குழலில் எஞ்சியிருந்த வாயு அவசியமானது என டி ஃபாரஸ்ட் நம்பினார். ஹரால்ட் ஆர்னால்ட் என்ற இயற்பியலாளரோ அந்த வாயுவே குறை எனக் கண்டு, உயர் வெற்றிடக் குழல்களை உருவாக்கினார். கருவியைக் கண்டுபிடித்தவரை விட மற்றொருவர் அதனை நன்கு புரிந்துகொண்டார் எனலாம். 1915 சனவரி 25 அன்று நியூயார்க்கிலிருந்து கிரகாம் பெல்லும், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வாட்சனும் பேசிக்கொண்டனர்.

அடுத்த சிக்கல் திரிபு. ஒவ்வொரு பெருக்கியும் சைகையைச் சற்றே சிதைக்கும். ஒரே கம்பியில் பல பேச்சுகளை அனுப்பும்போது, வரிசையாக அமைந்த பல பெருக்கிகளின் சிதைவு ஒன்றுசேர்ந்து பேச்சுகளைக் கலக்கிவிடும். பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக், 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் செல்கையில் இதற்கு விடை கண்டு, கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை எழுதினார். வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்த் திசையில் உள்ளீட்டுடன் சேர்ப்பதே அவ்வழி. இதனால் பெருக்கம் குறையும். ஆனால் திரிபும் அதனுடன் குறையும். இது எதிர்ப் பின்னூட்டம் எனப்படுகிறது.

பலர் இதனை ஏற்கத் தயங்கினர். வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பினால் பெருக்கி ஊளையிடும் என்பதே அன்றைய அனுபவம். ஒலிபெருக்கிக்கு அருகே மைக்கைக் கொண்டுசென்றால் எழும் கீச்சொலியும் இத்தகைய நேர்ப் பின்னூட்டமே. எந்த நிலையில் பெருக்கி ஊளையிடாது என்பதற்கான கணித விதியை 1932-இல் ஹாரி நைக்விஸ்ட் வெளியிட்டார். 1928-இல் பிளாக் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1937 டிசம்பரில்தான் கிடைத்தது. 1947-இல் டிரான்சிஸ்டர் வந்து குழல்களின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்த பின்னரும், ஒலிப் பெருக்கிகள் முதல் அளவீட்டுக் கருவிகள் வரை எதிர்ப் பின்னூட்டம் பயன்பட்டு வருகிறது.