ட்ரிச்சினாபொலி: ஓர் ஆங்கிலச் சொல்லும் அதற்குள் இருக்கும் பள்ளியும்

ஊர்களின் பெயர்கள் சில, கடல் கடந்து சென்றபின் ஊரைக் குறிப்பதை விட்டுப் பொருளைக் குறிக்கத் தொடங்கிவிடுகின்றன. கோழிக்கோட்டிலிருந்து சென்ற பருத்தித் துணி ஆங்கிலத்தில் ‘காலிகோ’ ஆயிற்று. காஷ்மீரின் பெயர் மெல்லிய ஆட்டு உரோமத் துணிக்கு வந்தது. மதராஸ் என்பது கட்டம் போட்ட துணியின் பெயராயிற்று. இவ்வரிசையில் நமது மாவட்டத் தலைநகரின் பெயரும் ஒன்று என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ‘ட்ரிச்சினாபொலி’ என்பது திருச்சிராப்பள்ளிக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் மட்டுமன்று. ஆங்கில மொழியில் அது ஒரு சுருட்டின் பெயராகவும், ஒரு சங்கிலியின் பெயராகவும், கம்பி பின்னும் ஒரு முறையின் பெயராகவும் வழங்கியிருக்கிறது.

முசிறியில் வாழும் நமக்கு இத்தகைய பெயர்மாற்றம் புதிதன்று. சேரநாட்டுக் கடற்கரையில் இருந்த பழைய முசிறித் துறைமுகத்தைக் கிரேக்கரும் ரோமரும் ‘முசிரிஸ்’ என்று எழுதினர். காவிரியின் வடகரையில் உள்ள நமது முசிறி வேறு ஊர். பெயர் மட்டுமே ஒன்று. அயலார் நாவில் ஓர் ஊர்ப்பெயர் எவ்வாறு திரிகிறது என்பதற்கு அது பழைய சான்று. ட்ரிச்சினாபொலி அண்மைக்காலச் சான்று.

போர்ச் செய்தியாக அறிமுகமான பெயர்

திருச்சிராப்பள்ளி என்ற பெயருக்கு விளக்கங்கள் பல. திரிசிரன் என்ற மூன்று தலை அரக்கன் வழிபட்ட தலம் என்பது புராணம். சிரா என்ற சமண முனிவரின் பள்ளி என்பது மற்றொரு கருத்து. திரிசிரபுரம் என்ற வழக்கும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவ்வூர்ப் பெயராலேயே அறியப்பட்டார்.

இப்பெயர் இங்கிலாந்து மக்களின் காதில் பெருமளவில் விழுந்தது கர்நாடகப் போர்களின்போதுதான். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டபின் அவருடைய மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார். பிரெஞ்சுக்காரரின் துணையோடு சந்தா சாகிப் கோட்டையை முற்றுகையிட்டார். அம்முற்றுகையைத் தளர்த்துவதற்காகவே 1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு திருவரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். இரண்டு முஸ்லிம் தலைவர்களுக்கு இடையிலான அரசுரிமைப் போட்டி, இரண்டு ஐரோப்பிய வணிகக் குழுமங்களின் ஆதிக்கப் போராக மாறியது. கடைசியில் 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியே ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. முதலில் போர்க்களத்தின் பெயராக இருந்த ‘ட்ரிச்சினாபொலி’, அதன்பின் வணிகப் பெயராயிற்று.

சுருட்டு என்ற பொருள்

ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’ என்ற சொல் உண்டு. இரு முனையும் வெட்டித் திறந்திருக்கும் புகையிலைச் சுருளை அது குறிக்கும். ‘சுருட்டு’ என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்து அது பிறந்தது என்பதை 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் பதிவுசெய்கிறது. திண்டுக்கல் பகுதியில் விளைந்த புகையிலையைக் கொண்டு சுற்றப்பட்ட திருச்சிச் சுருட்டு, விக்டோரியா அரசியின் காலத்தில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான குறிப்பிடத்தக்க சரக்குகளில் ஒன்று. நாளடைவில் ‘சுருட்டு’ என்பதைச் சேர்க்காமலே ‘ஒரு ட்ரிச்சினாபொலி’ என்றும், இன்னும் சுருக்கி ‘ட்ரிச்சி’ என்றும் அங்கே சொல்லத் தொடங்கினர்.

அச்சொல் எவ்வளவு பழகிப்போயிருந்தது என்பதற்குத் துப்பறியும் கதைகளே சாட்சி. ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைக் கொண்டே கொலைகாரன் பிடித்தது ட்ரிச்சினாபொலி என்று ஹோம்ஸ் கண்டறிகிறார். 1890இல் வந்த அடுத்த கதையில் அதன் சாம்பல் கருமையானது என்ற நுணுக்கமும் பேசப்படுகிறது. லண்டன் வாசகனுக்கு அடிக்குறிப்புத் தேவைப்படவில்லை. அவனுக்கு அது ஒரு சுருட்டு. காவிரியும் மலைக்கோட்டையும் அவன் நினைவில் எழுந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

சங்கிலி என்ற பொருள்

இரண்டாவது பொருள் இன்னும் வியப்பானது. திருச்சிப் பொற்கொல்லர்கள் பொன்னையும் வெள்ளியையும் மயிரிழைபோல் இழுத்து, அக்கம்பியைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னிய சங்கிலிகள் ஐரோப்பியப் பெண்களிடையே விரும்பி அணியப்பட்டன. ‘ட்ரிச்சினாபொலிச் சங்கிலி’ என்பது ஒரு நகைவகையின் பெயராயிற்று.

பின்னர் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய வெள்ளிச் சங்கிலிகளை வருணிக்க வேண்டி வந்தபோது, அதேபோன்ற கம்பிப் பின்னலைக் கண்ட தொல்லியல் அறிஞர்கள் அம்முறைக்கும் ‘ட்ரிச்சினாபொலி’ என்றே பெயரிட்டனர். ஸ்காட்லாந்தின் ஐலே தீவில் பாலினபி என்னுமிடத்தில் ஒரு வைக்கிங் பெண்ணின் கல்லறையில் கிடைத்த சங்கிலியும் இப்பெயரால் குறிக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடகடல் தீவில் புதைக்கப்பட்ட அப்பெண்ணுக்கும் திருச்சிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவளுடைய நகைக்குப் பெயர் தந்தது மட்டும் நம் ஊர்.

அந்நகைகளைச் செய்த தட்டார்களின் பெயர்களையோ, சுருட்டுச் சுற்றிய ஆண் பெண்களின் பெயர்களையோ இச்சொல் சுமந்து செல்லவில்லை. பீடி, சுருட்டுத் தொழிலாளரின் பணிநிலைமைகளுக்கென இந்தியாவில் தனிச்சட்டம் வந்தது 1966இல்தான். புகையிலையின் கேட்டை இன்று மருத்துவம் ஐயமற நிறுவியிருக்கிறது. மார்க்க அறிஞர்களில் பலர் அதைத் தடுக்கப்பட்டதென்றும், சிலர் வெறுக்கத்தக்கதென்றும் கூறியுள்ளனர். எனவே சுருட்டின் புகழை நாம் பெருமையாகக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் வறுமையினால் அத்தொழிலில் அமர்ந்து, அதன் தூசியைச் சுவாசித்தவர்களை மறப்பதற்கு அது காரணமாகாது. உழைப்பவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையைப் போற்றும் நமக்கு அவர்களின் நினைவும் ஒரு கடமையே.

‘பொலி’க்குள் இருக்கும் பள்ளி

இனி அச்சொல்லின் கடைசிப் பகுதிக்கு வருவோம். ‘பொலி’ என்று கேட்கும் ஐரோப்பியனுக்கு நகரத்தைக் குறிக்கும் ‘பொலிஸ்’ என்ற கிரேக்கச் சொல் நினைவுக்கு வரலாம். உண்மையில் அது நமது ‘பள்ளி’.

பள்ளி என்பது தமிழில் உறங்கும் இடம். துறவியர் தங்கிய இடமும் பள்ளி. திருச்சி மலைக்குகையில் சமண முனிவரின் கற்படுக்கைகளை இன்றும் காணலாம். அவர்கள் கல்வி புகட்டியதால் பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளியாயிற்று. இறைவனைத் தொழும் இடத்திற்குத் தமிழ் முஸ்லிம்கள் தேர்ந்துகொண்ட சொல்லும் அதுவே. மஸ்ஜித் என்ற அரபுச் சொல்லை அறிந்தும் அவர்கள் பள்ளி என்றும் பள்ளிவாசல் என்றும் வழங்கினர். இவ்வழக்கு மிகப் பழையது: 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துத் திருப்புல்லாணிக் கோயில் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளி ஒன்றுக்கு அளிக்கப்பட்ட நிலக்கொடையைக் கூறுகிறது. ஒரு தொழுகைப் பள்ளிக்கான கொடையை ஒரு பெருமாள் கோயிலின் கல்லில் படிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நகருக்கு முஸ்லிம்கள் வழங்கிய தனிப்பெயரும் ஒன்று உண்டு. இங்கே அடங்கியிருக்கும் நத்ஹர் வலீ (ரஹ்) அவர்களின் பெயரால், வாலாஜா நவாபின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதிய ‘துஸக்-இ-வாலாஜாஹி’ என்ற நூல் இந்நகரை ‘நத்ஹர்நகர்’ என்று குறிக்கிறது. நவாபின் அரசு மறைந்ததோடு அப்பெயரும் ஏடுகளுக்குள் ஒதுங்கியது. ஆங்கிலேயர் சென்றபின் ட்ரிச்சினாபொலியும் பழைய சுருட்டுப் பெட்டிகளோடும் அருங்காட்சியகக் குறிப்புகளோடும் நின்றுவிட்டது. நிலைத்தது திருச்சிராப்பள்ளி என்ற பெயர்.

ஊர்ப்பெயர்களை வைத்து இவ்வூர் யாருக்கு உரியது, யார் பிற்பாடு வந்தவர் என்ற வாதங்கள் எழும் காலம் இது. பள்ளி என்ற சொல் அதற்குத் தக்க விடை தருகிறது. சமண முனிவர் படுத்த கல்லும், குழந்தை எழுத்துப் படிக்கும் திண்ணையும், நாம் ஐவேளையும் தொழச் செல்லும் இடமும் இந்த ஒரே சொல்லால் அழைக்கப்பட்டிருக்கின்றன. இதில் எதையும் கழித்துவிட்டு அச்சொல்லின் பொருளை நிறைவாகச் சொல்ல இயலாது. திருச்சிராப்பள்ளி என்று அடுத்தமுறை நம் பிள்ளைகள் முகவரி எழுதும்போது, அதன் இறுதிப் பகுதி எத்தனை பேருக்குச் சொந்தமானது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.